டிஜிட்டல் வாட்ச்: பர்மா பஜார் விலையும் பாண்டி பஜார் விலையும்

டிஜிட்டல் கைக்கடிகாரம் மெட்ராஸ்காரர்களின் கைக்கு வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. இந்தக் காலத்தில் அதன் மதிப்பு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கியிருக்கிறது. 1970களின் பிற்பாதியிலும் 1980களிலும் அது கடல் கடந்து வந்த அரிய பொருள். 1990களில் ரங்கநாதன் தெருவில் பொம்மைகளோடு பொம்மையாகக் குவிந்து கிடந்தது. 2010களில் சேகரிப்பாளர்கள் அதே பழைய வாட்சுகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். இப்போது அவற்றை விற்க வந்தால் வாங்கிய விலை திரும்புவதே கடினம். சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. வாட்ச் இதே சந்தையில் தன் விலையைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது. அப்படியென்றால் டிஜிட்டலின் இறக்கத்துக்குக் காரணத்தை மக்களின் ரசனையில் மட்டும் தேடிப் பயனில்லை. அந்தப் பொருள் எப்படிச் செய்யப்பட்டது, எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

1970 மே மாதம் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் ‘பல்சர்’ என்ற பெயரில், முள் இல்லாமல் எண்களால் மணி காட்டும் கைக்கடிகாரத்தை அறிவித்தது. அது கடைக்கு வந்தது 1972 ஏப்ரலில். 18 காரட் தங்கக் கூடு, விலை 2,100 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் இது சுமார் 16,000 ரூபாய். அந்த ஆண்டு இந்தியாவில் பத்து கிராம் தங்கம் 200 ரூபாயை ஒட்டி விற்றது. ஒரு பல்சர் வாங்கும் பணத்தில் ஏறக்குறைய நூறு பவுன் நகை செய்திருக்கலாம். அதன் முகம் சும்மா இருக்கும்போது கறுப்பாக இருக்கும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் சிவப்பு எண்கள் ஒளிரும். எல்.இ.டி. எனப்படும் அந்த ஒளிர் டயோடுகள் மின்சாரத்தை வெகுவாக இழுப்பவை. எந்நேரமும் எரியவிட்டால் செல் சீக்கிரமே தீர்ந்துவிடும். மணி பார்க்க இரண்டு கையும் வேண்டும் என்ற இந்தத் தொல்லையை ஜப்பானியர்கள் தீர்த்தார்கள். சீக்கோ 1973இல் ஆறு இலக்கங்களை எப்போதும் காட்டும் எல்.சி.டி. திரை கொண்ட வாட்சை வெளியிட்டது. கேசியோ 1974 இறுதியில் ‘கேசியோட்ரான்’ என்ற தன் முதல் வாட்சைக் கொண்டுவந்தது. எந்த மாதத்துக்கு 30 நாள், எதற்கு 31 நாள் என்பதைத் தானே கணக்கிட்டுத் தேதியை மாற்றிக்கொள்ளும் வாட்ச் அது. திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை, மேலே விழும் வெளிச்சத்தையே திருப்பிக் காட்டுகிறது. அதனால் ஒரு சிறு செல் ஆண்டுக்கணக்கில் தாங்கியது.

இந்தப் பொருளின் விலை சரிந்த வேகம் கடிகார வரலாற்றில் அதற்கு முன்பு இருந்ததில்லை. 1976இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக் கூட்டில் வைத்த எல்.இ.டி. வாட்சை 20 டாலருக்கு விற்றது. அடுத்த ஆண்டே பத்து டாலருக்கு இறக்கியது. 2,100 டாலரிலிருந்து பத்து டாலருக்கு வர ஐந்தே ஆண்டுகள். கணினிச் சில்லுக்குப் பெயர்போன இன்டெல் நிறுவனமும் 1972இல் மைக்ரோமா என்ற வாட்ச் நிறுவனத்தை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டு, 1970களின் இறுதிக்குள் அந்தத் தொழிலை விட்டே விலகியது. இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் அதன் பிறகும் மைக்ரோமா வாட்சையே அணிந்துகொண்டு, இது ஒன்றரைக் கோடி டாலர் வாட்ச் என்று சொல்லி வந்தார். நிறுவனம் அதில் இழந்த தொகை அது.

சரிவின் காரணம் வாட்சின் உள்ளேயே இருந்தது. சுவிஸ் கடிகாரத்தின் விலையில் பெரும்பங்கு கைத்திறனுக்கான கூலி. பல் சக்கரம், ஸ்பிரிங், மாணிக்கக் கல் என்று ஒவ்வொன்றையும் பொருத்த ஆள் வேண்டும். டிஜிட்டல் வாட்சில் அசையும் உறுப்பு என்று பொத்தான்களைத் தவிர எதுவும் கிடையாது. ஒரு குவார்ட்ஸ் படிகம், ஒரு சில்லு, ஒரு திரை, ஒரு செல், அவ்வளவுதான். சில்லு செய்யும் முறை மேம்பட மேம்பட ஒவ்வொரு ஆண்டும் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்ய முடிந்தது. விலை இறங்கிக்கொண்டே போவது இந்தப் பொருளின் பிறவிக் குணம். பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் மோதிக்கொண்டது இந்தக் குணத்தோடுதான்.

ஆனால் மெட்ராஸில் இது உடனே தெரியவில்லை. உலகச் சந்தையில் 20 டாலர் என்றால் அன்றைய கணக்கில் 180 ரூபாய். அந்த விலைக்கு இங்கே யாருக்கும் கிடைக்கவில்லை. வெளிநாட்டு வாட்சைச் சட்டப்படி இறக்குமதி செய்வது சாதாரணக் கடைக்காரரால் ஆகிற காரியமாக இல்லை. அந்நியச் செலாவணி தட்டுப்பாடு, உரிமக் கட்டுப்பாடு, மிக உயர்ந்த சுங்க வரி என்று வரிசையாகத் தடைகள். கைக்கடிகாரத்தின் மேல் அரசு வைத்திருந்த தனிக் கண்ணுக்குச் சட்டத்திலேயே சான்று இருக்கிறது. ஒரு பொருள் கடத்தல் சரக்கு என்று நம்பிச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினால், அது கடத்தல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை வைத்திருந்தவர் மேலேயே சுமத்துகிறது 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. அந்தப் பிரிவில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட சில பொருட்களில் தங்கத்தோடு கைக்கடிகாரமும் ஒன்று. இன்றும் அந்தப் பிரிவில் கைக்கடிகாரத்தின் பெயர் இருக்கிறது. தங்கத்துக்குச் சமமாக வாட்சைக் கடத்தினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு தேவையில்லை.

தடைச் சுவரில் திறந்திருந்த சிறு வாசல் பர்மா பஜார். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அதைத் தொடர்ந்து கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறி வந்தார்கள். அவர்களுக்குப் பிழைப்புக்கு வழி செய்ய, 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே ராஜாஜி சாலை ஓரமாக வரிசைக் கடைகள் அமைந்தன. துறைமுகம் எதிரிலேயே இருந்ததால் மாலுமிகளும் பயணிகளும் கொண்டுவந்த சரக்கு நேரே அங்கே இறங்கியது. வாசனை சோப்பு, நைலக்ஸ் புடவை, டேப் ரெக்கார்டர் எல்லாம் அங்கே கிடைத்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் சீக்கோ, சிட்டிசன், ரிக்கோ வாட்சுகள் வரிசை கட்டி நின்றன. எழுபதுகளின் பிற்பாதியில் அவற்றுக்குப் பக்கத்தில் எண் காட்டும் வாட்சும் வந்து உட்கார்ந்தது.

சரக்கு வந்த வழிகள் பல. 1973 முதல் மெட்ராஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்தது ஒரு வழி. இலங்கை 1977இல் தன் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு, கொழும்பில் வாங்கித் தலைமன்னார் வழியாக ராமேசுவரத்தில் இறக்கியது இன்னொரு வழி. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் வரும்போது கையில் ஒன்றும் பெட்டியில் இரண்டுமாகக் கொண்டுவந்தார்கள். இதையே தொழிலாகக்கொண்டு, சிங்கப்பூருக்கும் ஊருக்கும் பறந்து பறந்து சரக்குச் சுமந்தவர்களைக் ‘குருவி’ என்றது ஊர். வாட்ச் சிறிய பொருள், கனமில்லாதது, ஆனால் விலை மதிப்புள்ளது. குருவிக்கு அதைவிடத் தோதான சரக்கு வேறு இல்லை. மாட்டியவை அரசிடம் போயின. பறிமுதல் செய்த கடிகாரங்களைச் சுங்கத்துறை ஏலத்திலும் கூட்டுறவு விற்பனை நிலையங்கள் வழியாகவும் விற்றது. அங்கே வாங்கிய வாட்சுக்கு ரசீது உண்டு என்பதால் அதற்குத் தனி மவுசு.

தென் சென்னையிலிருந்து பர்மா பஜாருக்குப் போவது ஒரு பயணம். தி. நகர்வாசிகள் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிக் கடைசி நிலையமான பீச்சில் இறங்கினார்கள். மயிலாப்பூர்க்காரர்கள் லஸ்ஸிலிருந்து பாரிமுனைக்குப் பஸ் பிடித்தார்கள். கடைக்காரர் சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்க வேண்டும் என்பது போகிறவர்களுக்கு வீட்டில் சொல்லி அனுப்பும் புத்திமதி. உத்தரவாதம் கிடையாது, ரசீது கிடையாது; கடையைத் தாண்டினால் திரும்பக் கேட்க முடியாது. பெட்டியில் பார்த்தது ஒன்று, பொட்டலத்தில் வந்தது வேறு என்ற புகாரும் சகஜம். இவ்வளவும் தெரிந்தே வாங்கினார்கள். ‘ஃபாரின்’ என்ற ஒரே சொல் அதற்குப் போதுமானதாக இருந்தது.

அந்தக் காலத்து டிஜிட்டல் வாட்ச் செய்த வித்தைகளுக்கும் அந்த மயக்கத்தில் பங்கு உண்டு. நொடியை நூறாகப் பிரிக்கும் ஸ்டாப் வாட்ச், இருட்டில் எரியும் குண்டூசித் தலை அளவு பல்பு, பாட்டுப் பாடும் அலாரம், மணிக்கொரு தடவை ‘பீப்’. 1980இல் கேசியோ கொண்டுவந்த சி-80 வாட்சில் முகப்பிலேயே கால்குலேட்டர் இருந்தது. கணக்குப் பரீட்சைக்கு அதைக் கட்டிக்கொண்டு போகக் கூடாது என்று பள்ளிகள் தடுத்தன. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் மட்டும் முள் வைத்ததாகவே இருந்தது. மோதிரத்தோடும் சங்கிலியோடும் சேர்த்து எண்ணப்படும் சீர் வரிசையில் பிளாஸ்டிக் திரைக்கு இடம் கிடைக்கவில்லை. டிஜிட்டல் படிக்கிற பையனின் வாட்ச் என்றே ஊரில் பெயர் எடுத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதைத் தேடி வாங்கியவர்களில் பலர் இந்தப் பையன்களே.

அந்த நாளில் பழைய வாட்சுக்கும் நல்ல விலை கிடைத்தது. புதியது வாங்கக் கடற்கரைக்குப் போய் அலைய வேண்டும், மாட்டிக்கொள்ளும் பயமும் உண்டு. ஆகவே ஏற்கெனவே ஒருவர் கட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வாட்சை அக்கம்பக்கத்தார் விரும்பி வாங்கினார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழம்பொருளுக்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீக்கிரையாகும் வரை, இப்படிப்பட்ட கை மாறல்களுக்கு ஒரு பொது இடமும் இருந்தது. உலகில் விலை அதலபாதாளத்துக்குப் போன பின்னும் மெட்ராஸில் டிஜிட்டல் வாட்ச் விலை நின்றது சுங்கச் சுவரின் தயவால். அந்தச் சுவர் இடிந்தால் விலையும் இடியும் என்பது அன்று வாங்கியவர்களுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

உள்நாட்டுத் தயாரிப்பு வேறு பாதையில் போயிற்று. எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா என்ற அதன் சாவி கொடுக்கும் வாட்சுகள் தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர் கைகளில் எங்கும் தெரிந்தன. ஹைதராபாத் ஆல்வின் சீக்கோவோடு கூட்டுச் சேர்ந்தது. தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாட்டா குழுமமும் 1984இல் இணைந்து டைட்டனைத் தொடங்கின. டாட்டா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்ற இரு பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தே டைட்டன் என்று வைத்தார்கள். ஓசூர் ஆலையிலிருந்து 1987இல் டைட்டன் வாட்சுகள் கடைகளுக்கு வந்தன. நிறுவனத்தை நடத்திய செர்க்செஸ் தேசாய் எடுத்த ஒரு முடிவு இங்கே முக்கியமானது. உள்ளே குவார்ட்ஸ் மின்னணு, வெளியே முள்ளும் டயலும். துல்லியத்தை மின்னணுவிலிருந்து எடுத்துக்கொண்டு, அழகைப் பழைய கடிகாரத்திடமிருந்தே வாங்கிக்கொண்டார்கள். நகைக்கடை போல மின்னும் ஷோரூம்களில், பரிசாகக் கொடுக்கத் தகுந்த பொருளாக டைட்டன் உட்கார்ந்தது. அன்றிலிருந்து நல்ல வாட்ச் என்றால் முள் வாட்ச் என்பது நடுத்தர வர்க்கத்தில் உறுதிப்பட்டது. சொந்த மாநிலத்து ஆலையே டிஜிட்டலுக்கு மேல்தட்டின் கதவைச் சாத்தியது.

கீழ்த்தட்டில் வேறு கதவு திறந்தது. 1991க்குப் பிறகு இறக்குமதித் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஹாங்காங் உறுப்புகளும் பிறகு சீன வாட்சுகளும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. 1990களில் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜார் நடைபாதையிலும் டிஜிட்டல் வாட்ச் ரப்பர் பேண்டு, சீப்பு, கிளிப்போடு ஒரே தட்டில் விற்றது. பேனாவில் கடிகாரம், சாவிக்கொத்தில் கடிகாரம், பிறந்த நாள் பரிசுக்குப் பொம்மை முகம் வைத்த கடிகாரம். கேசியோ நிறுவனமும் 1996இல் இந்தியாவில் தன் கிளையைத் தொடங்கி, பர்மா பஜாரில் ரகசியமாக விற்ற அதே பெயரை ரசீதோடு விற்கத் தொடங்கியது. அரிது என்பதால் வந்த மதிப்பு சில ஆண்டுகளுக்குள் கரைந்தது. பிறகு கைபேசி வந்தது. மணி, அலாரம், கால்குலேட்டர் மூன்றும் அதிலேயே இருந்தன.

இந்தச் சரிவில் அதிகம் அடிபட்டவர்கள் பழுதுபார்ப்பவர்கள். மெட்ராஸில் கடிகாரப் பழுது பழம்பெரும் தொழில். மவுண்ட் ரோடில் பி. ஆர் அண்டு சன்ஸ் 1840களிலிருந்தே கடிகாரம் விற்றுப் பழுதும் பார்த்தது. அப்படிப்பட்ட பெரிய கடைகளிலிருந்து லஸ் முனையிலும் பாண்டி பஜாரிலும் மூன்றடி அகலக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணில் லென்ஸ் பொருத்தி வேலை பார்த்தவர் வரை அது ஒரு தனி உலகம். சாவி வாட்சை முழுதாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு மறுபடி ஓடவிடுவது அவர்கள் கற்ற வித்தை. டிஜிட்டல் வாட்சில் அந்த வித்தைக்கு வேலை இல்லை. செல் மாற்றலாம், ஸ்ட்ராப் மாற்றலாம். உள்ளே மிஷின் போய்விட்டால் வாட்சே போயிற்று.

செல் மாற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய டிஜிட்டல் வாட்சின் விலை இன்றும் அதில் தொங்குகிறது. கேசியோவின் முதுகுத் தகட்டைத் திறந்தால் செல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய இரும்புப் பட்டை தெரியும். புது செல்லை வைத்த பிறகு ‘ஏ.சி.’ என்று குறித்த ஒரு சிறு புள்ளியையும் செல்லின் மேல்புறத்தையும் உலோக இடுக்கியால் ஓரிரு நொடி தொட்டு இணைக்க வேண்டும். சில்லு தன் நினைவை அழித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். இதைச் செய்யாமல் மூடினால் திரையில் எண்கள் தாறுமாறாக வரும், அல்லது ஒன்றுமே வராது. மிஷினிலிருந்து முதுகுத் தகட்டைத் தொட்டு நிற்கும் அரிசி அளவுகூட இல்லாத ஒரு ஸ்பிரிங்கும் உள்ளே உண்டு. தகட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஒலிச் சில்லுக்கு அதன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. மூடியைத் திறக்கும்போது அந்த ஸ்பிரிங் தெறித்து எங்கோ விழும், கவனிக்காதவர் மூடிவிடுவார். அன்றிலிருந்து வாட்ச் மணி காட்டும், ஆனால் அலாரம் ஊமையாகிவிடும். நாற்பது ஆண்டுகளில் ஐந்தாறு முறை செல் மாற்றிய வாட்சுகளில் பாதிக்கு இந்தக் குறை இருந்தாலும் வியப்பதற்கில்லை. சேகரிப்பாளர் முதலில் அழுத்திப் பார்ப்பது அலாரம் பொத்தானைத்தான்.

சேகரிப்பு அலை 2010களில் எழுந்தது. எச்.எம்.டி. வாட்ச் ஆலைகள் மூடப்படும் என்ற செய்தி 2014இல் வந்ததும் மக்கள் மிச்சமிருந்த வாட்சுகளை வாங்கக் குவிந்தார்கள். 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை மூடலுக்கு ஒப்புதல் தந்தது. பழைய வாட்சும் காசு பெறும் என்பதை அந்த நிகழ்ச்சி ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுத்தது. அதன் வெளிச்சம் டிஜிட்டலின் மேலும் விழுந்தது. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாற்றிலும் தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்களாக மாறிய காலம் அது. வீட்டைக் காலி செய்யும்போது இரும்பு அலமாரியின் ரகசிய அறையிலிருந்து வந்தவை பல. அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது, அமெரிக்காவுக்குப் படிக்கப் போன அண்ணன் முதல் விடுமுறையில் வாங்கி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. மூர் மார்க்கெட் செய்த வேலையை இணையச் சந்தைகள் எடுத்துக்கொண்டன. 2020இல் ஊரடங்கு வந்து, வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் சிறுவயதுப் பொருட்களைத் தேடத் தொடங்கியதும் உலகெங்கும் பழைய கடிகார விலை மேலும் ஏறியது. 2022 நடுவிலிருந்து அது இறங்கத் தொடங்கியது. விலை உயர்ந்த சுவிஸ் கடிகாரங்களே இறங்கியபோது டிஜிட்டல் மட்டும் தனியாக நிற்க முடியவில்லை.

உலகச் சந்தை பிறகு சமாளித்துக்கொள்ளலாம். டிஜிட்டல் சமாளிக்கத் தடையாக இருக்கும் காரணங்கள் அதற்கே உரியவை.

பெரிய காரணம் மறுபதிப்பு. தயாரிப்பாளர்களே பழைய வடிவங்களைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். புலோவா தன் 1976ஆம் ஆண்டுக் கம்ப்யூட்ரானை 2019இல் திரும்பக் கொண்டுவந்தது. ஹாமில்டன் 2020இல் பல்சரின் சாயலில் ஒரு வாட்சை வெளியிட்டது. ‘ஏலியன்’ படத்தில் வந்த எஃப்-100ஐ நினைவூட்டும் ஏ-100ஐ 2021இல் கேசியோ விற்பனைக்கு விட்டது. 2024இல் பொன்விழாவை ஒட்டிக் கேசியோட்ரானையே திரும்பச் செய்தது. இவற்றுக்கு மேலாக, கேசியோவின் ‘விண்டேஜ்’ வரிசை என்றே ஒரு தனி அடுக்கு சென்னையின் கடைகளில் இருக்கிறது. 1989இல் வந்த எஃப்-91டபிள்யூ ஒருநாளும் நிற்காமல் தயாரிப்பிலேயே இருக்கிறது. அதன் செல் ஏழு ஆண்டு தாங்கும், மாதத்துக்கு முப்பது நொடிக்கு மேல் பிசகாது. அதே முகம், அதே பீப் சத்தம், புதிதாக, உத்தரவாதத்தோடு, ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடும் செலவுக்குக் கிடைக்கும்போது, முப்பது ஆண்டுப் பழைய ஒன்றுக்கு அதைவிட அதிகம் கொடுப்பவர் பழமையை மட்டுமே விலை கொடுத்து வாங்குகிறார். அப்படி வாங்குபவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

அடுத்தது உடல் சிதைவு. சென்னையின் தட்பவெப்பம் இதில் பெரிய கெடுதல் செய்கிறது. ஆண்டில் பல மாதங்கள் வெக்கையும் புழுக்கமும் சேர்ந்தே இருக்கும் ஊர் இது. அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர்ப் பக்கங்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. கேசியோவின் ஜி-ஷாக் போன்ற வாட்சுகளின் பாலியூரிதேன் கூடு ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்ல உடைகிறது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெடிப்பு விழும், கடைசியில் கையில் தொட்டதும் உதிரும். கட்டாமல் பத்திரமாக வைத்த வாட்சும் இதிலிருந்து தப்புவதில்லை. திரையின் மேலும் கீழும் ஒட்டியிருக்கும் ஒளி வடிகட்டிப் படலம் மஞ்சள் பூத்து எண்கள் மங்கும். கண்ணாடி இடுக்கின் ஒட்டு விட்டால் திரவப் படிகம் கசிந்து கறுப்புத் திட்டாகப் பரவும்; அதற்கு மருந்தே இல்லை. மறந்துபோன செல் உள்ளே கசிந்து, சுற்றுப்பலகையின் செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிட்டிருக்கும். எல்.இ.டி. வாட்சுகளில் எண்ணின் ஒரு கோடு எரியாமல் போய் எட்டு ஆறாகத் தெரியும்.

சாவி வாட்சில் உடைந்த உறுப்புக்கு இன்னொரு உறுப்பைச் செதுக்கியாவது போடலாம். எச்.எம்.டி.க்கு உதிரி பாகம் செய்பவர்களும், கழற்றி மாட்டத் தெரிந்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். டயலைப் புதிதாக அச்சடித்து மாற்றும் தொழிலே மும்பையில் இருக்கிறது. அதைச் சேகரிப்பாளர்கள் குறையாகவே பார்க்கிறார்கள் என்றாலும், வாட்ச் ஓடுகிறது. டிஜிட்டல் வாட்சின் சில்லை எந்தக் கைவினைஞராலும் செய்ய முடியாது. அந்த மாடலுக்கென்றே ஆலையில் அச்சிட்டது அது. ஆலை நிறுத்தியதோடு அதன் பரம்பரை முடிந்தது. எச்.எம்.டி.யின் விலை நின்றதற்கும் டிஜிட்டலின் விலை நிற்காததற்கும் அடிப்படை வித்தியாசம் இதுவே. பழுதுபார்க்க முடியாத பொருளை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாத பொருளுக்கு நெடுநாள் விலை நிற்காது.

நாட்காட்டி விஷயத்தையும் சொல்ல வேண்டும். தானே தேதி மாற்றும் வாட்சுகளில் ஆண்டுகளின் பட்டியலைச் சில்லுக்குள்ளேயே எழுதியிருந்தார்கள், அதற்கு ஒரு முடிவாண்டும் வைத்திருந்தார்கள். 1980களில் 2019 வரை, 2029 வரை என்று வைத்தது வேண்டிய அளவுக்கு மேல் என்றே தோன்றியிருக்கும். 2019இல் முடிந்த வாட்சுகளுக்கு இப்போது நடப்பு ஆண்டைச் சொல்லவே முடியாது. கிழமை சரியாக வரும் ஏதோ ஒரு பழைய ஆண்டைப் பொருத்தித்தான் ஓட்ட வேண்டும். எஃப்-91டபிள்யூவுக்கு ஆண்டு என்பதே தெரியாது. பிப்ரவரி அதற்கு எப்போதும் 28 நாள், லீப் ஆண்டில் கையால் திருத்த வேண்டும்.

போலிச் சரக்கு நம்பிக்கையைக் கெடுத்தது. பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய வாட்சுகள் பர்மா பஜார் காலத்திலேயே உண்டு. பிற்காலத்தில் பெயரை மாற்றாமலே செய்தார்கள். எஃப்-91டபிள்யூவின் வலப் பக்கப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோவின் பெயர் வரும் என்பது வாங்குபவர்களுக்கு ஒரு சோதனை. ஆனால் 1970களின் வாட்சுகளுக்கு அப்படி ஒரு சோதனையும் இல்லை. ஒன்றின் கூட்டில் இன்னொன்றின் மிஷின், வேறொன்றின் ஸ்ட்ராப் என்று கலந்து கட்டியவற்றை அசல் என்று நம்பி வாங்கியவர்கள், விற்கப் போகும் இடத்தில்தான் உண்மையை அறிகிறார்கள்.

வாங்குபவர் கூட்டமும் சுருங்குகிறது. எண்பதுகளில் அதைப் பார்த்து ஏங்கிய பையன்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். தேடியது கிடைத்துவிட்டது, இனி அவர்கள் வாங்குவதைவிட விற்பது அதிகம். அவர்களின் பிள்ளைகள் கையில் இதயத் துடிப்பை எண்ணும் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. மாணவர்களுக்குப் பரீட்சைக் கூடத்தில் மணி பார்க்கச் சாதாரண டிஜிட்டல் வாட்ச் தேவைப்பட்ட வழக்கம்கூடத் தேய்கிறது. நீட் தேர்வுக்கு எந்தக் கைக்கடிகாரமும் கட்டிப் போகக் கூடாது என்பது விதி.

எல்லாமே விலை இழந்துவிடவில்லை. நானூறு மட்டுமே செய்யப்பட்ட முதல் தங்கப் பல்சர், முதல் ஆண்டுகளின் கேசியோட்ரான், 1983இன் முதல் ஜி-ஷாக் போன்றவை அருங்காட்சியகத் தகுதி பெற்றவை. அவற்றைத் தேடுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். தங்கக் கூட்டுக்குத் தங்கத்தின் விலையே காவல். ஒருநாளும் கட்டாமல், பெட்டியும் கையேடும் விலைச் சீட்டும் சேர்ந்து கிடைக்கும் பழைய ஸ்டாக்குக்கு இன்றும் நல்ல மதிப்பு உண்டு. அலமாரியிலிருந்து வரும் பெரும்பாலானவற்றுக்கு இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. எண்பதுகளின் மெட்ராஸில் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வாட்சைக் கடலைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். புதிது என்று தெரிந்தால் சுங்கத்தில் கேள்வி வரும் என்பதால் விமானத்திலேயே கையில் கட்டி, சீட்டைக் கிழித்துப் போட்டார்கள். அன்று வாட்சைக் காப்பாற்றிய அந்தத் தந்திரமே இன்று அதன் விலையைப் பாதியாக்குகிறது.

பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகள் 2013இல் மாநகராட்சியின் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019இல் அந்தச் சாலை நடப்பவர்களுக்கான அகல நடைமேடையாக மாறியது. கண்ணாடிப் பெட்டிப் பழுதுக்காரர்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் லஸ் பக்கமும் மாட வீதிகளின் ஓரத்திலும் தி. நகர்ச் சந்துகளிலும் இன்னும் காணக் கிடைக்கிறார்கள். பழைய டிஜிட்டல் வாட்சின் அடிமட்ட விலையைத் தீர்மானிப்பவர்கள் இப்போது இவர்களே. ஓடாத வாட்சையும் அவர்கள் வாங்கி வைக்கிறார்கள், முதுகுத் தகட்டுக்காக, பொத்தானுக்காக, திரைக்கும் பலகைக்கும் இடையிலிருக்கும் ரப்பர் பட்டைக்காக, அலாரத்தை ஒலிக்கவைக்கும் அந்தச் சிறு ஸ்பிரிங்குக்காக. ஒரே மாடலில் செத்த வாட்ச் இரண்டோ மூன்றோ சேர்ந்தால் ஓடுகிற வாட்ச் ஒன்று கிடைக்கும். அப்படிக் கிடைக்கும் வாட்சின் விலை, அதற்குச் செலவான உதிரி பாகங்களின் விலையையும் பழுதுபார்ப்பவரின் ஒரு மாலை நேரக் கூலியையும் தாண்டிப் போவது அரிது.